நாலு பாட்டில் லிக்விட் பாரஃபினும் ஒரு சோடிய உருண்டையும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மெடிக்கல் ஷாப்புக்குப் போய் நாலு பாட்டில் லிக்விட் பாரஃபின் வாங்கிட்டு வரணும்.

போக அஞ்சு நிமிஷம், வர அஞ்சு நிமிஷம். அவ்வளவுதாங்க!

இது மொபைல் எல்லாம் வராத காலம். நாங்க தில்லில, ஜனக்புரில டி.டி.ஏ. ஃபிளாட்ல ரெண்டாவது மாடி. நான் ஒரு மினிஸ்ட்ரில ஃபைல் தள்ளிட்டு இருந்தேன். ஆனா படிச்சது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அந்தத் திமிர் மட்டும் போகவே இல்ல.

காலேஜ்ல சோடியத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் தூரத்துலேர்ந்து காட்டினாங்க. கத்தி வெச்சா வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுற உலோகம்! தண்ணியைப் பாத்தா சண்டைக்குப் போற உலோகம்! "சார், நானும் ஒரு தடவை வெட்டிப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "நீ முதல்ல பாஸ் பண்ணு"ன்னு சொல்லி, பாட்டிலை அலமாரில வெச்சுப் பூட்டிட்டார் வாத்தியார்.

அந்தக் கடுப்பு பதினஞ்சு வருஷமா எனக்குள்ள இருந்துது. கடைசில ஒருநாள், 'எவன்கிட்டயும் கேக்க வேண்டாம், நாமளே செஞ்சுக்கலாம்'னு முடிவு பண்ணிட்டேன்.

லேப் எங்கே? எங்க வீட்டுப் பால்கனில.

அந்தப் பால்கனில ஒரு தண்ணிக் குழாய் இருந்துது. ஆமாங்க. தண்ணி பட்டா வெடிக்கிற சாமானை, தண்ணிக் குழாய்க்கு நேர் கீழ உக்காந்து தயாரிச்ச ஒரே விஞ்ஞானி நான்தான்.

அந்தக் குழாயாலதான் வீட்டுல சண்டையே. என் வீட்டுக்காரி கோமதி வாஷிங் மெஷின் வாங்கி ஒரு மாசம் ஆயிருந்துது. அதை வைக்கிறதுக்கு வீட்டுல இருந்த ஒரே இடம் பால்கனிதான். நான் விடல. அதனால மெஷின் அட்டைப்பெட்டியோட ஹால் நடுவுல நின்னுது. வர்றவங்க எல்லாம் அது மேல காப்பி டம்ளர் வெச்சாங்க.

"மூணு மாசமா பால்கனியைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களே, என்னதான் செஞ்சீங்க? காட்டுங்க"ன்னா கோமதி.

காட்டினேன். ஒரு பாட்டில் கெரசின், அதுக்குள்ள குட்டிக் குட்டியா, சாம்பல் கலர்ல, அழுக்குப் பிடிச்ச துணுக்குகள்.

ஒரு நிமிஷம் உத்துப் பாத்தா. "மூணு மாசமா எலிப்புழுக்கையா தயாரிச்சீங்க?"

எனக்கு மானமே போச்சு! காஸ்டிக் சோடாவை உருக்கி, அதுல கரண்ட் விட்டு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சரியா உருகி வர்ற நேரத்துக்கு தில்லில கரண்ட் போகும். மறுபடி வர்றதுக்குள்ள எல்லாம் கல்லு மாதிரி இறுகிடும். அப்படி மூணு மாசம் சேத்ததுதான் அந்தத் துணுக்கு. (யாரும் இதைச் செஞ்சு பாக்காதீங்க.)

பஞ்சாயத்து கோமதியோட அண்ணன்கிட்ட போச்சு. மச்சான் தில்லிலயே ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி வாத்தியார். போன்லயே தீர்ப்பு சொல்லிட்டார்.

"மாப்ள, அழுக்கை எல்லாம் காட்டி ஏமாத்தக் கூடாது. வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு உருண்டை காட்டணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். சோடியம்னு நான் ஒத்துக்கிட்டா பால்கனி உனக்கு. இல்லேன்னா என் தங்கச்சி மெஷினுக்கு."

ஞாயித்துக்கிழமை காலைல நான் எழுந்ததே அந்த யோசனையோடதான். அழுக்கு போகணும்னா துணுக்கை எல்லாம் எண்ணெய்ல போட்டு மெதுவா சூடு பண்ணணும். சோடியம் உருகி ஒண்ணா சேர்ந்துக்கும், அழுக்கு தனியா நிக்கும். ஆனா கெரசினைச் சூடு பண்ணினா பால்கனியோட நானும் போயிடுவேன். அதுக்கு உகந்தது லிக்விட் பாரஃபின். அது எங்கே கிடைக்கும்? மெடிக்கல் ஷாப்ல.

மெடிக்கல் ஷாப்ல ஏன் விக்கிறான்? மலச்சிக்கலுக்கு!

இது எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் போனேன். கௌண்டர்ல போய், "பய்யா, லிக்விட் பாரஃபின். சார் பாட்டில்"னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தில நாலு பாட்டில் கேட்டேன்.

கடைக்காரர் நிமிர்ந்து பாத்தார். "நாலா? வீட்டுல எல்லாருக்குமா?"ன்னு ஹிந்தில கேட்டார்.

"இல்ல, எனக்கு மட்டும்தான்."

"எத்தனை நாளா?"

இங்கதான் என் புத்தி கெட்டுப் போச்சு. 'வீட்டுல சோடியம் செய்யறேன்'னு சொன்னா அடுத்த கேள்வி போலீஸ் கேக்கும். அந்தக் காலத்துல தில்லில குண்டுவெடிப்பு பயம், கெமிக்கல்னு வாயைத் திறந்தாலே நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. அதனால நிஜத்தை மறைச்சேன். ஆனா கணக்கை மட்டும் நேர்மையா சொல்லிட்டேன்.

"தீன் மஹீனே ஸே."

"மூணு மாசமா!" கடைக்காரர் கையில இருந்த பேனாவைக் கீழ வெச்சுட்டார். உள்ள இருந்த வயசான அப்பாவைக் கூப்பிட்டார். அவர் வந்து என் நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தார். எனக்குப் பின்னாடி நின்ன வரிசை மொத்தமும் என் நாக்கைப் பாத்துது.

அந்த வரிசைல ஒரு குரல் தமிழ்ல கேட்டுது. "ஐயோ, தம்பி! மூணு மாசமாவா?"

சாந்தி அக்கா! எங்க பிளாக்ல கீழ் வீடு. வீட்டுக்காரர் பேங்க்ல இருக்கார். ஜனக்புரில இருக்கிற அத்தனை தமிழ்க் குடும்பத்து போன் நம்பரும் அக்காவுக்கு மனப்பாடம்.

"அது வந்து... கொஞ்சம் இருக்குக்கா"ன்னு இளிச்சுட்டு ஓடி வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள முதல் போன். ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவர். "சார், லீவு வேணும்னா தயங்காம எடுத்துக்கோங்க. உடம்பைப் பாருங்க."

ரெண்டாவது போன், கடுக்காய்ப் பொடி. மூணாவது போன், ராத்திரி படுக்கும்போது நாலு உலர் திராட்சை. பன்னெண்டு மணிக்குள்ள வாசல்ல ஒரு தார் பூவன் பழம் வந்து இறங்கிடுச்சு. நம்ம ஊர் சாமான் கிடைக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட்லேர்ந்து யாரோ ஸ்கூட்டர்ல கட்டிக் கொண்டு வந்திருக்காங்க. ஊர்ல எனக்கு இவ்வளவு செல்வாக்கு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கோமதி இடுப்புல கை வெச்சுட்டு நின்னா.

"மூணு மாசமா உங்களுக்குச் சோறு போடறது யாரு?"

"நீதான்."

"அப்ப ஊர் யாரைச் சொல்லுது? இப்பதான் ஒரு அம்மா போன்ல, 'காய்கறியே சமைக்க மாட்டியா கோமதி'ன்னு கேக்கறாங்க! என்னைய! தினம் ரெண்டு பொரியல் வைக்கிறவளை!"

சொல்லும்போதே குரல் உடைஞ்சுது அவளுக்கு. சத்தியமா எனக்கும் கஷ்டமாதான் இருந்துது. ஆனா நிஜத்தைச் சொன்னா, தலைக்கு மேல வெடிக்கிற சாமான் இருக்குன்னு பிளாக் பூரா தெரிஞ்சுடும். அன்னிக்கே லேப்பை மூட்டை கட்டச் சொல்லுவாங்க. அதனால, "நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கோ"ன்னு கெஞ்சினேன். விறுவிறுன்னு சமையல்கட்டுக்குள்ள போயிட்டா. பாத்திரங்கள்தான் பதில் சொல்லிச்சு.

மூணு மணிக்கு பால்கனிக் கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். ஆச்சரியமா கரண்ட் போகல. எண்ணெய் சூடாக ஆக, துணுக்குகள் மெல்ல நெளிஞ்சுது. ஒண்ணு உருண்டையாச்சு. ரெண்டு ஒட்டிக்கிச்சு. கண்ணாடிக் குச்சியால லேசாத் தள்ளினேன். அழுக்குத் தோலை உதறிட்டு, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உருண்டை, நிலா மாதிரி பளபளன்னு வந்து நின்னுது.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உடனே தள்ளி உக்காந்து துடைச்சுக்கிட்டேன். தண்ணி இல்லையா!

நாலு மணிக்கு மச்சான் வந்தார். ஆறவெச்ச உருண்டையை எண்ணெய்யோட ஒரு கிண்ணத்துல போட்டு, ஹால்ல இருந்த அட்டைப்பெட்டி மேல வெச்சேன். மச்சான் கண்ணாடியை மாட்டிட்டுக் குனிஞ்சு பாத்தார். முகம் மாறிடுச்சு.

"அட! மாப்ள! எடு, கிட்ட பாப்போம்."

இடுக்கியால உருண்டையை எடுத்து, முகத்துக்கு நேரா உசத்திப் பிடிச்சேன். வாழ்க்கைல அப்படி ஒரு பெருமையா நான் நின்னதே இல்ல. "கோமதி! இங்க வா! உன் அண்ணன் வாயாலயே கேளு!"ன்னு கத்தினேன்.

கோமதி வர்றதுக்கு முன்னாடி, திறந்து கிடந்த வாசல் வழியா சாந்தி அக்கா வந்துட்டாங்க. கைல ஒரு சொம்பு சீரக வெந்நீர். "என் கண் முன்னாடி குடிச்சாதான் போவேன் தம்பி"ன்னுட்டே வந்து, சொம்பை அட்டைப்பெட்டி மேல 'டொக்'குனு வெச்சாங்க.

அப்புறம்தான் நிமிர்ந்து பாத்தாங்க. பால்கனி வாசல்ல நாலு காலி பாரஃபின் பாட்டில். வாய்க்கு நேரா எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு உருண்டை. வாயைப் பிளந்துட்டு நிக்கிற நான்.

"ஐயையோ! நாலு பாட்டிலையும் காய்ச்சி உருண்டை பிடிச்சிருக்கான்! முழுங்காதே தம்பி, உசுரு போயிடும்!"

சொல்லிட்டே என் கைல ஓங்கி ஒரு தட்டு!

உருண்டை பறந்துது. எங்கே விழணும்? அவ்வளவு பெரிய ஹால்ல, சோஃபா இருக்கு, தரை இருக்கு, மச்சானோட சட்டைப் பை கூட இருக்கு. நேரா சீரக வெந்நீர்ச் சொம்புக்குள்ள போய் விழுந்துது.

"மாப்ள! பின்னாடி வாங்கு!"ன்னு மச்சான் என்னையும் அக்காவையும் சேத்துப் பிடிச்சு இழுத்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். மஞ்சள் கலர்ல ஒரு ஜுவாலை. அப்புறம் டமார்! சொம்பு ஒரு சாண் எகிறிக் குதிச்சு, தரைல உருண்டு, வாசப்படியைத் தாண்டி ரெண்டு மாடிப் படிக்கட்டும் இறங்கி, கீழ போய்தான் நின்னுது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம்.

கடவுள் புண்ணியத்துல யாருக்கும் ஒரு கீறல் இல்ல. கூரைல மட்டும் ஒரு கறுப்பு வட்டம். சீரகம் எல்லா இடத்துலயும்.

ரெண்டே நிமிஷத்துல பிளாக் மொத்தமும் எங்க வாசல்ல. "க்யா ஹுவா? க்யா ஹுவா?"

சாந்தி அக்கா வெளிறிப் போய் உக்காந்திருந்தாங்க. மெதுவா என்னைப் பாத்து, "தம்பி... என்னது அது?"ன்னு கேட்டாங்க.

எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. ஒரு பக்கம் பால்கனி. இன்னொரு பக்கம் சமையல்கட்டு வாசல்ல கோமதி. கைல கரண்டி. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துது. காலைலேர்ந்து என்னால எத்தனை பேச்சு வாங்கியிருக்கா! இதுக்கு மேல எந்தப் பால்கனி எனக்கு வேணும்னு தோணிடுச்சு.

தொண்டையைச் செருமிட்டுச் சொல்லிட்டேன். "அக்கா, மலச்சிக்கல் எல்லாம் சுத்தப் பொய். என் வயத்துக்கு ஒண்ணுமே இல்ல. கோமதி சமையலுக்கு தில்லிலயே ஈடு கிடையாது. நான் மூணு மாசமா பால்கனில சோடியம்னு ஒரு உலோகம் செஞ்சேன். அதுதான் வெடிச்சுது. லேப்பை இன்னிக்கே காலி பண்ணிடறேன்."

அக்கா எழுந்து வந்து என் தலைல கை வெச்சாங்க. அவங்க கண்ணுல தண்ணி!

"பாருங்க எல்லாரும்! இவ்வளவு அவஸ்தையிலயும் பொண்டாட்டியை விட்டுக் குடுக்க மாட்டேங்கறான். பால்கனில உலோகம் செஞ்சானாம்! வெக்கப்படாதே தம்பி, யாருக்குத்தான் வராது?"

"அக்கா, நிஜமாவே சோடியம்தான். நான் கெமிஸ்ட்ரி வாத்தியார், சொல்றேன்"னார் மச்சான்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. தங்கச்சியை அண்ணன் விட்டுக் குடுப்பாரா?"

அக்கா ஹிந்திலயும் எடுத்துச் சொல்ல, கூட்டம் மொத்தமும் தலையாட்டிச்சு. பஞ்சாபிக்காரர் ஒருத்தர் என் முதுகைத் தட்டி, "ஹிம்மத் ரக்கோ"ன்னு தைரியம் சொல்லிட்டுப் போனார்.

எல்லாரும் போனப்புறம் கதவைச் சாத்தினா கோமதி. எங்கே திட்டப் போறாளோன்னு நின்னேன். திட்டல. முந்தானையை வாய்ல வெச்சுட்டு சிரிச்சா. சிரிச்சுட்டே அண்ணனைக் கேட்டா. "நிஜமாவே சோடியம்தானா அண்ணே?"

"சத்தியமா சோடியம்தான். சொன்ன சொல் சொன்னதுதான். பால்கனி மாப்ளைக்கு."

"ஜெயிச்சுட்டீங்க"ன்னா என்னைப் பாத்து. "வெச்சுக்கோங்க. ஆனா அங்கேர்ந்து இன்னொரு டமார் வந்தா, மறுபடி ஊர் என் சமையலைத்தான் சொல்லும்."

மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சு, வாஷிங் மெஷினைப் பால்கனிக்குத் தூக்கிட்டுப் போனோம்.

நான் கத்துக்கிட்டது ஒண்ணுதாங்க: பொய் சொல்லித்தான் ஆகணும்னா, யாரும் நம்பாத பொய்யா சொல்லணும்.