நீலமாதேவி தப்பிக்காமல் இருக்க

டீத்தூள் டப்பாவைத் தேடி அரிசி டிரம்முக்குப் பின்னால் கைவிட்ட சிவஞானத்தின் கையில் ஒரு புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு பெண் வாளும் கையுமாகக் குதிரைமேல் இருந்தாள். பின்னால் கோட்டை எரிந்துகொண்டிருந்தது. கொளுத்தியது அவள்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் டீ போடுவதற்காக அவர் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. உப்பளத்து சூப்பர்வைசர். விடிவதற்கு முன்னால் போனால் வெயில் தாழ்ந்துதான் வீடு. சுனாமி வந்து பாத்திகளையெல்லாம் சேற்றால் மூடிவிட்டுப் போனதிலிருந்து ஒரு மாதமாகச் சும்மா இருந்தார். சும்மா இருக்கிற ஆண்பிள்ளை வீட்டைக் கவனிக்க ஆரம்பிப்பான். அவரும் ஆரம்பித்தார்.

புத்தகத்தின் பெயர் 'நீலமாதேவியின் ஏழாம் வாசல்'. உள்ளே மரக்காணம் நூலகத்தின் முத்திரை. நடுவில் ஒரு வரியை யாரோ பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

'"என்னைக் காப்பாற்றவா வந்தீர்கள்? வழியை விட்டால் போதும்" என்றாள் நீலமாதேவி.'

சிவஞானம் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். வீட்டில் இருபத்திரண்டு வயதுப் பெண் இருக்கிறாள். ஒரே பெண். திண்டிவனத்துக்கு பஸ் ஏறி கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய்வருகிறாள். பஸ் ஏறிப் பழகியவளுக்குக் குதிரை ஏற எவ்வளவு நேரமாகும்?

அந்த நேரம் ரேஷன் மண்ணெண்ணெய் கேனோடு மனைவி சுலோசனா உள்ளே வந்தாள்.

"இது என்னாடி?"

"லைப்ரரி புஸ்தகங்க."

"அது எனக்குத் தெரியாதா? சந்தியா கொண்டாந்ததா?"

"அவ கார்டுல எடுத்ததுதான்."

"ஒளிச்சுல்ல வெச்சிருக்குது! நீயும் வூட்டுல இருக்கற. என்னாத்த பாத்துக்கிட்டிருந்த?"

சுலோசனா கேனைக் கீழே வைத்துவிட்டு, அவர் தேடிய டீத்தூள் டப்பாவைக் கண்ணெதிரே இருந்த பலகையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மகளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். அதில்தான் சிவஞானம் தன் புத்தியைக் காட்டினார். கேட்டால் உஷாராகிவிடுவாள். முதலில் எதிரியின் திட்டம் தெரிய வேண்டும் என்று இரண்டு நாள் மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து புத்தகத்தைத் தானே படித்தார்.

நீலமாதேவியின் சித்தப்பனைக் கொன்றது யார் என்று தெரியவில்லை. முகமூடிக்காரன் ஒருவன் மதில்மேல் நடமாடுகிறான். இரண்டு இளவரசர்கள் அவளுக்காக உயிரை விடத் தயாராக இருக்கிறார்கள். அவள் யாரையும் கேட்காமல் தானே துப்பறிந்து, தானே சுரங்கத்தில் இறங்கி, தானே கொலைகாரனைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரையும் துறைமுகத்தில் நிறுத்திவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டாள். எங்கே போனாள், சோற்றுக்கு என்ன செய்தாள் என்று எழுதியவருக்குக் கொஞ்சமும் அக்கறையில்லை.

"ரெண்டுல ஒருத்தனைக் கட்டியிருந்தா என்னாவாம்?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"அவகிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுலோசனா. மனைவி சொல்வதைக் காதில் வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். நூலகர் தேவநாதன் வாசலில் நின்று செய்தித்தாள்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு கார்டுக்கு இனிமே புஸ்தகம் தரக்கூடாது."

"அப்படிச் சொல்ல முடியாது சார். யாரு கார்டைக் கொண்டாந்தாலும் குடுக்கணும். ரூல்ஸ்."

"பொம்பளப் புள்ளைங்க குதிரை ஏறி ஓடறதுக்கு கவர்மென்ட்டே ரூல்ஸ் போட்டுக் குடுக்குதா?"

தேவநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவஞானம் அதற்குள் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்த நூலகக் கார்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். "இனிமே நீதான் போய்வரணும். பக்திப் புஸ்தகமாப் பாத்து எடு. அவ கண்ணுல படற மாதிரி வை."

சுலோசனா போய்வந்தாள். கூடத்தில் பக்திப் புத்தகம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. ஆனால் பத்து நாள் கழித்து அவர் சோதனை போட்டபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் மூன்று நாவல்கள் இருந்தன. மூன்றின் அட்டையிலும் மூன்று பெண்கள். ஒருத்தி கையில் வில், ஒருத்தி கையில் தீப்பந்தம், மூன்றாமவள் கையில் ஒன்றுமில்லை, ஆனால் அவள் பார்வைதான் மற்ற இரண்டையும்விட மோசமாக இருந்தது. ஒரு புத்தகத்துக்குள் அடையாளத்துக்காகப் பாண்டிச்சேரி பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது.

திண்டிவனம் போகிறவளுக்குப் பாண்டியில் என்ன வேலை?

அன்றோடு கம்ப்யூட்டர் கிளாஸ் நின்றது.

"ஏம்ப்பா? இன்னும் ஒரு மாசந்தானே இருக்குது?" என்று சந்தியா அழுதாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் சிவஞானம்.

"என்னாப்பா தெரியும்?"

"அதை உங்கிட்ட சொல்லமாட்டேன்."

பெண்ணை அழவைத்துவிட்டு அவராலும் சாப்பிட முடியவில்லை. அவளை ஐந்து வயதில் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து உப்புக் குவியல்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனவர் அவர். அவள் போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்ற பயம் நிஜமாகவே அவரைத் தின்றது. பாவம், அந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் கோளாறு.

"பாண்டியில யாரைப் பாக்கறான்னு கண்டுபிடிக்கணும். நான் போனா தெரிஞ்சுபோயிடும். நீ போ" என்றார் மனைவியிடம்.

"தனியாவா?"

"பின்ன, மேளதாளத்தோடயா?" பஸ் நம்பரையும் இறங்க வேண்டிய இடத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். "பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, பீச் எல்லாம் சுத்திப்பாரு. யாருனா நம்ம பொண்ணைப் பத்திப் பேசறாங்களான்னு காதைத் தீட்டி வெச்சுக்க. வெள்ளனத் திரும்பிடு."

சுலோசனா புதன்கிழமை புதன்கிழமையாகப் பாண்டிக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் "ஒண்ணும் தப்பாத் தெரியலைங்க" என்றாள். மூன்றாவது வாரம் அவள் முகத்தில் ஒரு தெளிச்சல் தெரிந்தது. வெயிலில் அலைந்ததால் வந்த கறுப்பு என்று சிவஞானம் எடுத்துக்கொண்டார்.

இனிக் கல்யாணம்தான் வழி என்று முடிவு செய்தார். உப்பளத்துச் சிநேகிதர் பச்சமுத்து, பிரம்மதேசத்தில் உரக்கடை வைத்திருக்கிற கலையரசன் என்ற பையனின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பொருத்தம் இருந்தது. பெண் பார்க்க வந்தார்கள். சந்தியா பையனை ஏறிட்டுப் பார்த்து, சிரித்து, "சரிப்பா" என்றாள்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் சிவஞானத்துக்கு இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று.

"உடனே சரின்னுட்டா பாத்தியா? நீலமாதேவியும் இப்படித்தான் பெரிய இளவரசனுக்குத் தலையாட்டினா. அப்புறம்தான் சுரங்கத்துல எறங்கினா."

"அவளுக்குப் பையனைப் புடிச்சிருக்குதுங்க" என்றாள் சுலோசனா.

"உனக்கு என்னா தெரியும்? வைகாசி வரைக்கும் காத்திருக்கறதெல்லாம் ஆவாது. பங்குனியிலயே முடிச்சிடலாம்."

சுலோசனா சுவரிலிருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள்.

"சீக்கிரம் முடிஞ்சா உனக்கு வலிக்குதா?"

"இல்லைங்க" என்றாள்.

கோட்டை விழுந்ததற்குக் காரணம் காவலன் கைக்கூலி வாங்கியதுதான் என்று புத்தகத்தில் படித்திருந்தார். அதனால் கைக்கூலிக்கு மசியாத ஆளாகத் தேர்ந்தெடுத்தார். வாசல் கதவுக்குப் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, சாவியைச் சுலோசனாவின் இடுப்பில் செருகவைத்தார். சந்தியாவின் செருப்புகளைப் பரண்மேல் போட்டார். கொல்லைப்பக்கக் கதவுக்குப் பலகை வைத்து ஆணியடித்தார். ஒருநாள் மழை தூறியபோது கொல்லையில் காய்ந்த துணியை எடுக்க மூன்று பேரும் தெருவைச் சுற்றி ஓட வேண்டியதாயிற்று.

ஒரு புதன்கிழமை, சுலோசனா பாண்டியில் துப்பறிந்துகொண்டிருந்தாள். சிவஞானம் மண்டபம் பேசப் போயிருந்தார். பத்திரிகை மாதிரியைக் காட்டலாம் என்று மாப்பிள்ளை கலையரசன் பைக்கில் வந்து இறங்கினார். கதவில் பூட்டு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பெண்.

"என்னாங்க இது?"

"அப்பா பூட்டை அமுக்கிட்டுப் போயிருக்காரு. சாவி அம்மாகிட்ட இருக்குது. அம்மா ஊருக்குப் போயிருக்குது."

"உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லையா?"

"எனக்கு இஷ்டந்தான்! எங்கப்பாவுக்குத்தான் என்னாவோ ஆயிடுச்சு!"

கம்பி வழியாக நீட்டிய பத்திரிகை மாதிரியை வாங்கிக்கொண்டு சந்தியா விசும்ப, மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சாயங்காலமே பச்சமுத்து வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"ஏம்பா, பொண்ணைப் பூட்டிவெச்சுக் கட்டிக்குடுக்கற வூட்டுல சம்பந்தம் வேணாங்கறாங்கப்பா. வேற எவனையோ விரும்புதுன்னு நெனைச்சுட்டாங்க."

சிவஞானம் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதம் காவல் காத்து, கடைசியில் மகளின் வாழ்க்கையில் தானே மண்ணைப் போட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சந்தியா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் சுலோசனா தலைசீவி, நல்ல புடவை கட்டி, தனியாகப் பிரம்மதேசம் போனாள். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. மத்தியானம் திரும்பிவந்து, "முகூர்த்தத்துல மாத்தமில்லை. பத்திரிகை அடிக்கச் சொல்லிட்டாங்க" என்றாள்.

"என்னாடி சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

உள்ளது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை சிவஞானத்துக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னா ஆவேனோ" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். சுலோசனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு ஏதாவது சொல்வார் என்பதுபோல.

"பசிக்குது. சோறு போடு" என்றார்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கும்போது ஒரு கண்ணை மண்டபத்தின் பின்வாசலில் வைத்திருந்ததால் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். தாலி ஏறியது. யாரும் குதிரையில் வரவில்லை. சந்தியா எங்கும் ஓடவில்லை. வழியனுப்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அப்பாவிடம் மட்டும், "பூட்டைக் கழட்டிடுங்கப்பா, இனிமே யாருக்கு?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

அன்று சிவஞானம் தூங்கிய தூக்கம் ஒரு ராஜா தூங்குகிற தூக்கம். மறுநாள் பத்து மணிக்குத்தான் கண்விழித்தார். ஃபிளாஸ்கில் காபி இருந்தது. இட்லி மூடிவைத்திருந்தது. சுலோசனாவைக் காணவில்லை. வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார்.

பிறகு ஒரு வேலை பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். உள்ளே இரண்டு பேர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"தேவநாதன்! அன்னைக்கு ரூல்ஸ் பேசினியே. எம் பொண்ணுக்குக் கல்யாணத்தை முடிச்சுட்டேன். உன் நீலமாதேவி, குதிரை, கப்பல் ஒண்ணும் எங்கிட்ட பலிக்கல. எழுதிக்க, எங்க வூட்டுலேர்ந்து எவளும் ஓடமாட்டா. மொதல்ல அந்தக் கார்டைக் கேன்சல் பண்ணு."

தேவநாதன் பதிவேட்டை மூடிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சந்தியா எங்க சார் இங்க வந்துச்சு, பத்து வருசமா அந்தக் கார்டுல படிச்சதெல்லாம் உங்க வூட்டம்மாதானே? 'பாண்டியில அச்சாபீசுல பைண்டிங் வேலை கெடைச்சு ரூமும் பாத்தாச்சு, பொண்ணு கல்யாணத்துக்காகத்தான் இன்னும் ரெண்டு வருசம் பொறுக்கணும்னு இருந்தேன், அவரே அவசர அவசரமா முடிச்சுக் குடுத்துட்டாரு'ன்னு சொல்லி, கார்டைக் காலையிலயே கேன்சல் பண்ணிட்டு ஒம்பதரை பஸ்ஸுக்குப் பெட்டியோட போயிட்டாங்களே சார்!"