பாலைவனத்தில் டபுள் கூலிங்

எலக்ட்ரிகல் எஞ்சினியர் இருக்கிற வீட்டில்தான் காலிங் பெல் வேலை செய்யாது. நானே எலக்ட்ரிகல் எஞ்சினியர் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. துபாயில் ரோடு போடுகிற கம்பெனி ஒன்றில் வேலை. கராமாவில் பேச்சிலர் ரூம். கல்யாணமான பேச்சிலர் நான். மனைவி சரோஜா மதுரையில் இருந்தாள். அவளுக்கு விசா வேண்டுமென்றால் எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வெள்ளைக்காரர் கையெழுத்தைத் தவிர எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுப்பார் (முக்கியமாகத் திட்டு).

ஒருநாள் கூப்பிட்டார். பாலைவனத்தில் நாங்கள் போடுகிற ரோட்டைப் பார்க்க, வேலையைக் கொடுத்த அரபு முதலாளி வருகிறாராம். கம்பெனியின் கேரவனில் (படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ள வண்டி) அவரை உட்காரவைத்துச் சுற்றிக் காட்ட வேண்டுமாம்.

"எல்லாம் ஒழுங்கா முடிஞ்சா உன் பொண்டாட்டி வரலாம்" என்றார். (இங்கிலீஷில்தான் சொன்னார். என் காதில் மதுரைத் தமிழில் விழுந்தது.)

அந்த ஃபிரிட்ஜ் கேஸிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். கேஸில் ஓடும்போது பேட்டரியைத் தொடவே தொடாது. அடியில் சின்னதாக நெருப்பு எரிந்தால் போதும், உள்ளே குளிர்ந்துவிடும். பேட்டரி சுவிட்ச், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும். இதையெல்லாம் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். எஞ்சினியர்கள் அதைப் படிப்பார்களா?

காலையிலேயே சைட்டுக்குப் போய் வண்டியை நிறுத்தி, கேஸைப் பற்றவைத்தேன். கையோடு பேட்டரி சுவிட்சையும் போட்டேன்.

"ரெண்டும் எதுக்கு சார்?" என்றார் டிரைவர் காதர் பாய். கீழக்கரைக்காரர்.

"டபுள் கூலிங், பாய்."

"மாஷா அல்லா! படிப்புன்னா படிப்புதான்."

விருந்தாளிக்குக் கலர் பாட்டில்களை உள்ளே அடுக்கினேன். ஓரத்தில் எனக்கென்று ஒரு தூக்கு நிறைய மோர்: இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் எல்லாம் போட்டது.

உச்சி வெயிலில் முதலாளி பரிவாரத்தோடு வந்து கேரவனில் ஏறி உட்கார்ந்தார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து, "யல்லா!" என்றார். காதர் பாய் சாவியைத் திருகினார்.

டிக்.

மறுபடி திருகினார். மறுபடியும் டிக். ஃபிரிட்ஜில் இருந்த சூடாக்கும் கம்பி காலையிலிருந்து பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. நெருப்பும் கம்பியும் செய்வது ஒரே வேலை, இரண்டையும் போட்டால் இரண்டு மடங்கு குளிராது என்பது அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. மேனேஜரின் முகம் தக்காளியாகிவிட்டது.

"சார், மதினி டிக்கெட்டு கலாஸ்" என்றார் காதர் பாய் மெதுவாக. சரோஜா வருவது அவ்வளவுதான், முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவருக்கு ஏதாவது குளிர்ச்சியா குடு!" என்று மேனேஜர் கத்தினார். பதற்றத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து, கைக்கு வந்ததை டம்ளரில் ஊற்றி நீட்டினேன். நீட்டிய பிறகுதான் பார்த்தேன். என் மோர்!

முதலாளி மடமடவென்று குடித்தார். பச்சை மிளகாய் தன் வேலையைக் காட்டியது. இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் மனசுக்குள் சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லபன்!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஸேன்! வாஜித் ஸேன்!" மோர் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். டம்ளர் திரும்பி வந்தது. ஊற்றினேன். மறுபடியும் வந்தது.

பிறகு கேட்டார்: "பேட்டரிதான் மாஃபியே (இல்லையே), இது மட்டும் எப்படி ஐஸா இருக்கு?"

"கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜ். பேட்டரியே வேண்டாம்" என்றேன், அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற தோரணையில். காதர் பாய் அதை அரபியில் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னார். தனக்கும் இப்படி ஒரு வண்டி வேண்டும் என்றார் முதலாளி. கையோடு கீழே இறங்கி, கணுக்கால் வரை தொங்கிய கந்தூரா அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். அவர் தள்ளினால் பரிவாரம் சும்மா இருக்குமா? மேனேஜரும் தள்ளினார். நான் மட்டும் தள்ளவில்லை. மோர் சிந்தாமல் தூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியபோது நான் ராஜாவாக உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே மேனேஜர் கையெழுத்துப் போட்டார். "இனிமே அந்த சுவிட்சைத் தொட்டா, அவ வர்ற பிளைட்லயே நீ ஊருக்குப் போவே" என்றார். தொடவில்லை. சரோஜா வந்தாள்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் மோர் டம்ளரை நீட்டி, "குடிங்க, இதுக்குத்தான் எனக்கு விசா குடுத்தாங்க" என்று ஆரம்பிப்பாள். பேட்டரியைக் கொன்றது யார் என்று வந்தவர்கள் கேட்பதற்குள் நான் அடுத்த டம்ளரை நீட்டிவிடுவேன்.