சின்ன மாப்பிள்ளை ஹார்ட் டிஸ்க் வென்ற படலம்

கம்பி வழியே ஓடிவந்து பொத்தானுக்குள் பதுங்கியிருக்கும் மின்சாரத் தாயே, வாழி! நினைத்தால் வருவாய், நினைத்தால் போவாய், கேட்க ஆளில்லை. ஆயினும் இன்று ஒரு நாள், பகல் ஒரு மணி தொட்டு மாலை ஐந்து வரை, கண்ணும் இமையாது நின்று இப்படலத்தைக் காத்தருள்வாய். நீ பாதியில் போனால் பாடுகிறவனுக்கு ஒன்றுமில்லை. பாடப்படுகிறவன் கதி அதோகதி.

இனி வீரனைக் கேளுங்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஒற்றைத் தூண். கைநடுங்கிகளும் கண்மூடிகளுமாய் நானூறு பேரைச் சாலைக்கு அழைத்துச் சென்று நானூறு பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்த நாயகன். பக்கத்து இருக்கையில் அமர்ந்தும் தன் காலடியில் தனக்கென ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் வைத்திருக்கும் இருமிதிக் கோமான். மாமியார் வீட்டுக்குச் சின்ன மாப்பிள்ளை. இந்தக் கடைசிப் பட்டம்தான் அவனை உள்ளுக்குள் அரித்தது. சின்னது என்று ஒன்று இருந்தால் பெரியது என்று ஒன்று இருக்குமல்லவா? இருந்தார். கம்ப்யூட்டர் இஞ்சினியர். கம்ப்யூட்டர் படுத்தால் அவர், டிவி படுத்தால் அவர், குழாயில் தண்ணீர் சொட்டினாலும் அவரைத்தான் கேட்பார்கள். "சின்ன மாப்பிள்ளை நல்லா கார் ஓட்டுவார்" என்பார் மாமியார். கைக்குழந்தை நல்லாத் தூங்கும் என்று சொல்வதும் இதே குரலில்தான்.

அம்மாமியாரோ சாமானியர் அல்லர். கறுப்பும் வெளுப்புமாய்க் கட்டம் கட்டமாகக் கோட்டை எழுப்பி, மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் ஊரார் மூளையைப் பிழிந்தெடுக்கும் குறுக்கெழுத்துப் பேரரசி. ஒன்பது ஆண்டுத் தவத்தில் அவர் ஈன்ற புதிர்கள் இருநூறு. இருநூறும் ஒரே புத்தகமாக வரவிருந்தன. அன்று மாலை ஐந்துக்குள் அச்சகத்துக்கு அனுப்பிவிட வேண்டும், தவறினால் அடுத்த வருஷம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வயது அறுபத்தெட்டு. அடுத்த வருஷம் என்ற சொல்லை அவர் ரசிக்கவில்லை.

அன்று காலை பார்த்து, பேரரசியின் கம்ப்யூட்டருக்குள் இருந்த கிழ ஹார்ட் டிஸ்க், கடக்கென்று ஒரு முறையும் கடகடவென்று பலமுறையும் இருமி, மண்டையைப் போட்டது. சனிக்கிழமை தவறாமல் அவர் பேக்கப் எடுத்து வைத்திருந்தார். உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்குள் கம்ப்யூட்டரின் முழு உயிரும் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் புதிர்களை மட்டும் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது. அந்தக் கட்டம் போடும் புரோகிராமைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய் வெகுகாலம். ஆகவே அந்த உயிரை முடி முதல் அடி வரை ஒரு புது ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அதை எழுந்து நடக்கவைக்க வேண்டும். கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தைதான், வேறென்ன.

பெரிய மாப்பிள்ளைக்குப் போன் போனது. ஆறு மணிக்கு முன்னால் வர வழியில்லை என்றார்.  அக்கணமே நாற்காலியைப் பின்தள்ளிக்கொண்டு நம் இருமிதிக் கோமான் எழுந்தான், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினான், எண்டிசையும் அதிர முழங்கினான்:

"அத்தை, நான் இருக்கேன். மூணு மணி நேரம் குடுங்க. உங்க கம்ப்யூட்டர் எப்படி இருந்துச்சோ அப்படியே எழுப்பிக் குடுக்கறேன்."

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார்.

பாய்ந்தான் கடைக்கு. வண்டிக்கு உதிரிபாகம் வாங்கும் வழக்கத்தில், பேக்கப் பெட்டியையே கையோடு கொண்டுபோய்க் காட்டி, இதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மாதிரியே அச்சு அசலாக ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினான். திரும்பி வந்து, திருகாணிகள் நான்கு கழற்றி, மூன்றைக் கண்ணுக்கெட்டும் இடத்தில் வைத்து, நான்காவதைக் கட்டிலடிக்குத் தாரைவார்த்து, பிணமாய்க் கிடந்த பழையதைப் பிடுங்கி எறிந்து, புதியதைப் பொருத்தி, பேக்கப் பெட்டியைச் செருகி, அதனோடு வந்த மீட்புப் பென் டிரைவையும் செருகி, பொத்தானை அமுக்கினான். திரை விழித்தது. நம்மாளுக்குப் புல்லரித்தது.

ஐயகோ, அப்புறம்தான் வந்தது வினை! எந்த டிஸ்க்கில் ஏற்றட்டும் என்று கேட்டது திரை. தேர்ந்தெடுக்கப்படும் டிஸ்க்கில் உள்ளவை அனைத்தும் அடியோடு அழியும் என்று சிவப்பெழுத்தில் எச்சரித்தது. கீழே இரண்டு வரிகள். இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே அளவு. அச்சு அசல் வேண்டுமென்று கேட்டானல்லவா, அச்சு அசலாகவே வந்து நின்றன இரட்டைப் பிறவிகள்! ஒன்று வெற்றுடம்பு. மற்றொன்றில் ஒன்பது ஆண்டுத் தவம். தப்பான வரியைத் தொட்டால் தவம் காலி, மாமியார் வீட்டில் அவன் காலட்சேபமும் காலி.  மேசைக்கடியில் வலதுகால், இல்லாத பிரேக்கை ஏறி மிதித்தது. நெற்றி வேர்வை மூக்குவழி இறங்கிக் கீபோர்டில் சொட்டியது. அவன் மனசுக்குள் இங்கி பிங்கி பாங்கி போட்டுப் பார்த்தான் என்பதை மறைப்பானேன், போட்டான். முதல் வரி என்று வந்தது. நல்லவேளை, அவனுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

ஈரத்துணி வாளியோடு அவ்வழியே போன மனைவி நின்றாள். பிரச்சினை என்னவென்று கேட்டாள். அவன் மூன்று நிமிடம் விளக்கினான். அவள் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"பெட்டிய உருவிட்டுப் பாருங்களேன். எது மிச்சம் நிக்குதோ அதுதான் புதுசு."

உருவினான். இரண்டாம் வரி மிஞ்சியது. முதல் வரியைத் தொட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து ஒரு கணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பிறகு இதைத்தான் தானும் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி, பெட்டியைத் திரும்பச் செருகி, இரண்டாம் வரியைத் தொட்டான்.

அடுத்த திரையில், எதையெதை ஏற்றட்டும் என்றொரு பட்டியல் வந்தது. மலைபோல ஒரு பெரிய பகுதி; அதன் தலைமேல் கடுகளவில் சின்னதாய் இரண்டு. பேரும் புரியவில்லை, ஊரும் புரியவில்லை. இந்தச் சுண்டைக்காயெல்லாம் எதற்கு என்று சின்னதுகளின் டிக்கை எடுத்துவிட்டு, பெரியதை மட்டும் ஏற்றச் சொன்னான். சின்ன மாப்பிள்ளையே சின்னதை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார், சொல்லுங்கள்.

தொடங்கிற்று படையெடுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று விழுக்காடு என எறும்புச் சேனை மலையேறுவதுபோல் நீலக்கோடு ஊர்ந்தது. அவன் அன்னந்தண்ணி ஆகாரமின்றி, இமையாது, அசையாது, கழிவறையையும் துறந்து காவல் நின்றான். மணி நான்கடித்தபோது தொண்ணூற்றொன்பதை எட்டிய கோடு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் எழுநூறு தடவை பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மாற்றி மாற்றி மிதித்தான். நூறு என்றது திரை. அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

பென் டிரைவை உருவினான், மறுபடி பொத்தானை அமுக்கினான். திரை கறுத்தது, கறுத்தே நின்றது, பின் வெள்ளை எழுத்தில் ஒரு வரி துப்பியது: துவங்குவதற்கு ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை. மறுபடி அமுக்கினான். இல்லை. தட்டிவிட்டு அமுக்கினான். இல்லவே இல்லை. மணி நாலு இருபது. பின்னால் அத்தை வந்து நின்றிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "போகட்டும் விடுங்க மாப்பிள்ளை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவன் நெஞ்சு கலங்கிவிட்டது. பெரிய மாப்பிள்ளையை வெல்வது போகட்டும், இந்த அம்மாளின் புத்தகம் போய்விடக் கூடாதே என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தான்.

நினைத்த மாத்திரத்தில் பொறி தட்டியது. பஸ் எவ்வளவு பெரிதானாலும் சாவி விரல் நீளம்தானே? டிக் எடுத்தெறிந்த அந்தக் கடுகுகள் இரண்டும்தான் கம்ப்யூட்டரை எழுப்பும் சாவியோ? பாய்ந்தான், பென் டிரைவைக் குத்தினான், பட்டியலைத் திறந்தான், மலையையும் கடுகையும் ஒன்றுவிடாமல் டிக் போடப் போனவன், மலை ஏறியாயிற்று என்பது நினைவுக்கு வந்து கடுகுகளுக்கு மட்டும் போட்டு, இருப்பதை அழிக்காமல் சேர் என்ற வரியைத் தேடித் தொட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஏறிவிட்டன. ஏனைய வாசல்களையெல்லாம் விட்டுப் புது டிஸ்க்கின் வாசலுக்கே முதலில் போகுமாறு கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டு, கண்ணை மூடி, பொத்தானை அமுக்கினான்.

முழங்குக முரசு! ஊதுக சங்கு! ஸ்பீக்கரில் அந்தப் பழைய வரவேற்பு மணி டிங்கென்று ஒலித்தது. எழுந்தது கம்ப்யூட்டர், பழைய முகத்தோடு, பழைய படத்தோடு, பழைய தூசு ஒன்றுதான் குறை. திறந்தது கட்டம் போடும் புரோகிராம். அணிவகுத்தன ஒன்று முதல் இருநூறு வரை புதிர்கள். அத்தை மளமளவென்று புரட்டிப் பார்த்துத் தலையசைக்க, நாலு ஐம்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தன அச்சகத்துக்கு. மனைவி கைதட்டினாள். இருமிதிக் கோமான், மண்டலம் ஏழும் வென்ற மன்னர்மன்னன், சின்னதையும் மதிக்கக் கற்றுக்கொண்ட சிங்கம், மார்பு விம்மத் தோள் நிமிர நாற்காலியில் சாய்ந்து, தன் புகழ் இக்கூடத்தினின்று கிளம்பி, மகள்கள் வீடு, மச்சினர் வீடு, சம்பந்திகள் வீடு என நாற்றிசையும் பரவப் போகும் அப்பொன்னான கணத்துக்காகச் செவியைத் தீட்டிக் காத்திருந்தபோது, பெரிய மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

"இல்ல மாப்பிள்ளை, நீங்க வர வேண்டாம், அது தானாவே சரியாயிடுச்சு" என்றார் அத்தை.