வராத நோய்க்கு நன்றி

வரைபடம் வரைந்தவர்கள் கை ஓய்ந்து நிறுத்திய இடத்துக்கு அப்பால் புன்னைநாடு இருந்தது. அதை ஆண்ட மகிழ்வேந்தர் மக்களிடம் அதிகமாக எதையும் கேட்டதில்லை. நன்றி மட்டும்தான் கேட்டார். அதற்கென்று ஓர் அமைச்சகமே இருந்தது. நோயிலிருந்து பிழைத்தவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் நன்றி மண்டபத்தில் மேடையேறி அரசருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. வாக்குச்சீட்டில் ஒரே கேள்வி: நன்றி உண்டா? பதிலுக்கான கட்டமும் ஒன்றே.

பிழைத்தவர்களை மேடைக்குப் பழக்குவது தையல்நாயகியின் வேலை. "அரசர் பேரு வர்றப்பதான் குரல் உடையணும். முன்னாடியே அழுது தீர்த்துட்டா பேரு தெளிவா விழாது" என்று சொல்லிக்கொடுப்பாள். அவள் பழக்கிய ஆள் ஒருவர்கூட மேடையில் சொதப்பியதில்லை. அவர்களுடைய நன்றி உண்மையானதா என்று அவள் யோசித்ததில்லை. தச்சன் நாற்காலி செய்வான். உட்காருகிறவர்களின் மனதை அவன் ஏன் பார்க்க வேண்டும்?

ஒருநாள் நன்றியறிதல் அமைச்சர் பேரருளாளர் அவையில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

"வேந்தே, தடுப்பூசி என்பது நன்றி விளையாத நிலம். நோய் வந்து குணமானவன் தங்கள் காலில் விழுகிறான். நோயே வராதவன் வீட்டில் படுத்து உறங்குகிறான். தனக்கு என்ன கிடைத்தது என்பதே அவனுக்குத் தெரியாது."

"எவ்வளவு மோசம்!" என்று அரசர் மனம் வருந்தினார்.

தடுப்பூசி நிறுத்தப்பட்டது. ஊசி போட்ட செவிலியர்கள் மண்டபத்தில் பூத்தூவ அனுப்பப்பட்டார்கள். மருந்து வைத்திருந்த குளிர்பெட்டிகளில் அரசருக்கான மாலைகள் வாடாமல் இருந்தன. மிச்சமான பணத்தில் ஒரு பெரிய மருத்துவமனை எழும்பியது. நல்ல மருத்துவமனை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பெல்லாம் பாடையில் போயிருக்க வேண்டியவர்கள் அங்கிருந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஆனால் சில ஆண்டுகளில், டாக்டர்களே மறந்துபோயிருந்த தொண்டை அடைப்பான் நோய் திரும்பி வந்தது. குழந்தைகளின் தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைத்தது. சிலர் பிழைத்தார்கள். பிழைக்காதவர்களால் மேடையேற முடியாததால் அவர்களைப் பற்றி அமைச்சகத்துக்குத் தகவல் இல்லை. அந்த ஆண்டு நன்றி இருமடங்காகிவிட்டதாக அமைச்சர் அறிவித்தார்.

அடுத்து இன்னோர் ஆணை வந்தது. லேசான நோயில் சேர்க்கப்பட்டவர்களின் நன்றியில் அழுத்தம் போதவில்லையாம். இனி மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மட்டுமே மருத்துவமனையில் இடம்.

அந்த வாரம்தான் தையல்நாயகியின் மகன் கதிரன், "எச்சில் முழுங்க முடியலம்மா" என்றான். அவனுக்கு ஐந்து வயது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். சாம்பல் படலம்.

மருத்துவமனை வாசலில் காவலர் மறித்தார். "மூச்சு நல்லாத்தானே விடுறான்? திணறட்டும், அப்புறம் தூக்கிட்டு வாங்க."

"அண்ணே, நான் மண்டபத்துல வேலை பாக்குறவ."

"அப்ப ஆணை உங்களுக்கே தெரியுமே."

தெரியும். அதற்கேற்ற புதிய உரையை முந்தின நாள்தான் அவள் தயாரித்திருந்தாள்.

உள்ளேயிருந்து டாக்டர் இளவேனில் வந்தாள். டார்ச் அடித்துப் பையனின் தொண்டையைப் பார்த்தாள். "இன்னிக்கே எதிர்மருந்து போட்டாத்தான் பலன். திணற ஆரம்பிச்சா நோயோட விஷம் பாதி உள்ள போயிருக்கும்" என்றவள் காவலரிடம் திரும்பினாள். "இவன் திணறுறான்."

"இல்லியே டாக்டரம்மா..."

"டாக்டர் நானா, நீங்களா? உங்களுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல? நகருங்க."

காவலர் நகர்ந்தார். தனக்கும் மூன்று இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

மருந்து ஏறியது. இரண்டு நாளாகப் பிள்ளை பிழைப்பானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் படலம் உரிந்து கதிரன் கண்ணைத் திறந்தான். தையல்நாயகி அழுதாள். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

மூத்தவள் அல்லி ஜன்னலுக்கு வெளியே கஞ்சித் தூக்குடன் நின்றாள். ஒரே தட்டில் தின்று, ஒரே தலையணையில் படுத்துத் தம்பியோடு வளர்ந்தவள். இவளைத் தொடாமல் நோய் எப்படிப் போனது? கேள்வி எழுந்த கணமே பதிலும் வந்தது. அல்லி கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட்டிருந்தார்கள்; கதிரன் பிறப்பதற்குள் அது நின்றுபோயிருந்தது. அன்று குழந்தை வீறிட்டதும், "பச்சப் புள்ளைய இப்படியா குத்துவீங்க?" என்று செவிலியிடம் சண்டை போட்டது மட்டுமே தையல்நாயகியின் நினைவில் இருந்தது. தன் வீட்டுக்குள் வந்த மிகப்பெரிய கொடைக்கு அவள் கொடுத்த பதில் வசவு. நன்றியைத் தொழிலாகச் செய்தவள், வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கோ நன்றிக்கடன் பட்டிருப்பதை உணர்ந்து கூசினாள். கூச்சத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளே மேடையேறினாள். அரசர் புன்னகையோடு சாய்ந்து அமர்ந்தார்.

"எம் பையன் பொழச்சுட்டான். டாக்டருக்கும், அந்த மருந்தக் கண்டுபிடிச்சவங்களுக்கும் கோடி நன்றி. ஆனா நான் சொல்ல வந்தது எம் பொண்ணுக்காக."

அமைச்சர் குனிந்தார். "அச்சிறுமிக்கு என்ன நோய்?"

"ஒண்ணும் வரலீங்க."

"பிறகு எதற்கு நன்றி?"

"அதுக்குத்தாங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "எம் பையனுக்குப் போலியோ வரலீங்க. ஓடியாடித் திரியறான். நானும் நன்றி சொல்லணும்!" என்றார். "எனக்குப் பெரியம்மை வரல, மூஞ்சியப் பாருங்க!" என்றாள் ஒரு மூதாட்டி. "நீ அழகிதான், உக்காரு!" என்று யாரோ கத்த, சிரிப்பும் அழுகையுமாகக் கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. பூத்தூவ வந்த செவிலியர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அரசர் எழுந்தே விட்டார். குணமானவர்கள் வாரத்துக்குச் சில பேர். நோய் வராதவர்களோ நாடு முழுக்க!

"அமைச்சரே, இத்தனை நன்றியை இவ்வளவு காலம் ஏன் வீணடித்தீர்?"

"தங்கள் தொலைநோக்கு கனியட்டும் என்று காத்திருந்தேன், வேந்தே."

மறுநாளே தடுப்பூசி திரும்பி வந்தது. பெயர்: மகிழ்வேந்தர் ஊசி. ஒவ்வொரு பெட்டியிலும் அவர் சிரித்தார். வாசல் ஆணை சத்தமில்லாமல் மறைந்தது. தொண்டை அடைப்பானும் மெல்ல மறைந்தது. செவிலியர்களிடம் தாய்மார்கள் வழக்கம்போலச் சண்டை போட்டார்கள்.

அடுத்த ஆண்டு கதிரன் முதல் வகுப்பில் சேர்ந்தான். ஒரு மாலை கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பாடம் படித்தான்: "தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர் மகிழ்வேந்தர்! தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர் மகிழ்வேந்தர்!"

அல்லிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அது தப்புன்னு அவன்கிட்ட சொல்லும்மா."

தையல்நாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து, அந்தக் குரலைக் கேட்டாள். தொண்டை நரம்பு புடைக்க, எங்கும் அடைக்காமல், தெருமுனைவரை போகும் குரல்.

"சொல்றேன்டி. இன்னும் ஒரு தடவ கத்தட்டும்" என்றாள்.