சிதம்பரம் கச்சேரியின் திருட்டுப் பதிவு பற்றி மச்சானுக்கு எழுதியது

கடலூர் முதுநகர்,
2012 செப்டம்பர், வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் சார்லஸுக்கு,

முதுநகரிலிருந்து உன் மாமா தேவசகாயம் கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. நானும் உன் அக்கா மங்கலமும் சுகம். அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் கோபித்துக்கொள்கிறது. பெண்ணாடத்தில் நீயும் அனுப்பிரியாவும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆலையில் உனக்கு வேலை ஜாஸ்தி என்பது தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தை ஓரமாக உட்கார்ந்து கடைசிவரை படித்துவிடு. போனிலேயே சொல்லியிருப்பேன், நான் வாயைத் திறந்ததும் உன் அக்கா போனை வாங்கிக்கொண்டு, "அவுரு ரொம்ப பரபரப்பா இருக்காருடா, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறாள்.

விஷயம் சிதம்பரத்தில் படிக்கிற நம் பெண் இசைவாணியைப் பற்றியது. பயப்படாதே. அறுப்பின் பண்டிகைக்குச் சபையின் பாடகர் குழுவுக்குப் புதுக் கீர்த்தனை பழக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் ராகத்தை இழுக்கிறார்களே, செல்போனில் ஏற்றிப் போட்டுக் காட்டலாம் என்று ஸ்டேஷன் ரோட்டில் உத்திராபதியின் செல்போன் கடைக்குப் போனேன். அவன் என் மெமரி கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகி, கீர்த்தனைகளை ஏற்றிவிட்டு, "கார்டுல நெறைய எடம் காலியா கெடக்கு சார், சும்மா குடுக்க மனசு வரல. சிதம்பரம் லைவ்வுன்னு ஒண்ணு வந்திருக்கு, அதயும் போட்டுட்டேன். பங்க் மியூசிக்கு. எவனோ கூட்டத்துல நின்னு செல்லுல திருட்டுத்தனமா எடுத்தது. பசங்க எல்லாம் இப்ப அதான் கேக்குறாங்க" என்றான். பங்க் என்றதும் ஏதோ பெட்ரோல் பங்க் திறப்புவிழாவில் நாதஸ்வரம் வாசித்திருப்பார்கள், அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நல்லதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்தவனுக்கு இதற்குமேல் என்ன தெரியும், நீயே சொல்.

ஞாயிறு சாயங்காலம் நம் வீட்டில் ஜெபக் கூட்டம். போதகர், அவர் மனைவி, பாடகர் குழுவில் ஆல்டோ பாடும் ரத்தினம்மாள், கமிட்டி ஆட்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. "புதுப் பாட்ட ஐயாவும் ஒருதரம் கேக்கட்டுமே" என்று உன் அக்கா சொன்னாள். போன கிறிஸ்துமஸுக்கு நீ வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கரில் செல்போனை மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த பெயரை அழுத்தினேன். எவர்சில்வர் பாத்திரக் கடையை மாடியிலிருந்து உருட்டிவிட்டாற்போல் ஒரு சத்தம் வந்தது பார், போதகர் கையிலிருந்த டீ அவர் வெள்ளை ஜிப்பாவில் பாதியும் பக்கத்திலிருந்த பொருளாளர் மடியில் பாதியுமாகப் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் ஒரு பெண்குரல், அடித்தொண்டையிலிருந்து, யாரோ துரத்துவதுபோலக் கத்துகிறது. நிறுத்தும் பட்டன் என்று நினைத்து நான் அழுத்தியது சத்தத்தைக் கூட்டும் பட்டன். பாட்டு தானாக ஓய்ந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெருங்கூட்டம், "இசைவாணி, இசைவாணி" என்று தாளம் போட்டுக் கூப்பிடுகிறது.

"நம்ம இசைவாணியா?" என்று ரத்தினம்மாள்தான் கேட்டாள்.

"அது வேற இசைவாணியா இருக்கும்" என்றாள் உன் அக்கா, முகம் மாறாமல்.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் ஒருவன், "முதுநகர் இசைவாணிக்கு ஒரு ஓ போடு" என்று விலாசத்தோடு கூவினான். போதகர் ஜிப்பாவைத் துடைத்துக்கொண்டே, "புள்ள சிதம்பரத்துல நல்லா படிக்குதா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

கல்லூரியில் சேர்க்கும்போது அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான், நம் சபைக் குழுவில் பாடிய குரலைக் கெடுத்துக்கொள்ளாதே என்று. மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டி அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது, இனி படிப்பெல்லாம் கடலூரிலேயே என்று முடிவு செய்து பாசஞ்சர் வண்டி ஏறினேன். "அங்க போயி சத்தம் போடாதீங்க" என்றாள் உன் அக்கா. "சத்தம் போட்டது நானா, அவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, திட்டுவதற்கு விவரம் வேண்டுமே என்று காதில் இயர்போனைச் செருகி முதலிலிருந்து கேட்கத் தொடங்கினேன். மச்சான், இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

பதிவு மகா மோசம். எடுத்தவன் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான் போல. பாட்டுக்கு நடுவில் ஒருத்தன் பப்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறான், இன்னொருத்தன் காலை மிதித்துவிட்டதாகச் சண்டை போடுகிறான், பேஸ் கிடார் கிணற்று மோட்டார் போல உறுமுகிறது. முதல் பாட்டு, நம் கூடத்தில் டீயைக் கொட்டவைத்த அதே பாட்டு. அன்றைக்கு வார்த்தை எதுவும் என் காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது. போன டிசம்பர் கடைசியில் நம் பக்கம் அடித்ததே 'தானே' என்ற புயல், அதையும் அதற்குப்பின் சேதக் கணக்கு எழுத வந்த அதிகாரிகளையும் பற்றிய பாட்டு.

"ஓடு பறந்துச்சு, எழுதிக்கிட்டுப் போனாங்க,
மாடு செத்துச்சு, எழுதிக்கிட்டுப் போனாங்க,
பேனா தீந்துச்சு, வேற பேனா வாங்கப் போனாங்க,
இன்னும் வரல, இன்னும் வரல."

அந்த 'இன்னும் வரல'வை மொத்த மண்டபமும் சேர்ந்து கத்துகிறது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை எனக்குக் கோபம்தான். புதுச்சத்திரத்தில் என் கால் தானாகத் தாளம் போடுவதைக் கண்டு அதை இன்னொரு காலால் அமுக்கிக்கொண்டேன். இரண்டாவது பாட்டு விடுதி சாம்பாரைப் பற்றியது. தொடங்கியதும் முடிந்துவிட்டது. நம் கீர்த்தனைக்குப் பல்லவி எடுக்கவே அதைவிட நேரமாகும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு முருங்கைக்காய்த் துண்டைத் தேடி நாலு பேர் படும் பாட்டை முழுதாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. எதிர் இருக்கையில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னா சார், பல்லு வலியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, பாட்டு" என்றேன்.

"அப்படி என்னா பாட்டு, குடுங்க" என்று கையை நீட்டினாள். ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிக் கொடுத்து, முதல் பாட்டைத் திரும்பவும் போட்டேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள், வார்த்தை புரிந்ததும் சுளிப்பை விட்டுவிட்டாள், முடிந்ததும் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வூட்டயும் எழுதிக்கிட்டுதான் சார் போனாங்க. எங்கூட்டுக்காரரு பேர ரெண்டு தரம் கேட்டு எழுதுனாங்க" என்றாள். "திரும்பப் போடுங்க."

போட்டேன். இந்த முறை 'இன்னும் வரல' வந்தபோது அவளும் சேர்ந்து சொன்னாள், மெதுவாகத்தான். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு சார் இந்தப் பொண்ணு? தொண்டயில தண்ணி வத்திப் போவப் பாடுது" என்று கேட்டாள். மச்சான், பெட்டி கட்டிக் கூட்டிவரப் போகிறவன் நான். என் வாய் என்னைக் கேட்காமல், "என் மகதாம்மா" என்றது. சொன்ன பிறகு வண்டி முழுக்க எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. பரங்கிப்பேட்டையில் இறங்கும்போது அந்த அம்மாள், "பாப்பாவ நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த பாட்டில்தான், வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது, அந்த அதிசயம். பாட்டு பாதியில் இருக்கிறது, பொத்தென்று கரண்ட் போகிறது. கிடார் இல்லை, மைக் இல்லை. கூட்டம் 'ஓ'வென்று ஊளையிடுகிறது. நம் குழுவில் ஆர்கனுக்குக் கரண்ட் போனால் என்ன ஆகும், தெரியுமல்லவா? ஆண்கள் ஜன்னலைத் திறப்பார்கள், பெண்கள் விசிறியைத் தேடுவார்கள், கீர்த்தனை அப்படியே நின்றுபோகும். இங்கே டிரம்ஸ் நிற்கவில்லை. எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு அது மட்டும் தனியாக, அவசரப்படாமல், இன்னும் கொஞ்சம் பலமாக அடிக்கிறது. கூட்டம் கைதட்டிச் சேர்ந்துகொள்கிறது. பாடுகிற பெண் மைக் இல்லாமலே தொடர்கிறாள், அவள் விட்டதை மண்டபம் எடுக்கிறது, மண்டபம் விட்டதை அவள் எடுக்கிறாள். பப்ஸ் கேட்டவன்கூடப் பாடுகிறான், அவன் குரலை நான் அடையாளம் கண்டுகொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் மகள் குரலைக் காப்பாற்றிய இந்த டிரம்ஸ்காரப் பையனுக்கு ஒரு வேட்டி துண்டாவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சிதம்பரத்தில் இறங்கினேன்.

விடுதியின் பார்வையாளர் அறைக்கு இசைவாணி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். பதிவு உத்திராபதி கடைவரை வந்திருந்தால் விடுதிக்குச் செய்தி வராமலா இருக்கும்.

"கூட்டிட்டுப் போக வந்தீங்களாப்பா?"

"ஆமா. அந்த டிரம்ஸ் அடிக்கிற பையன் எங்க? மொதல்ல அவனப் பாக்கணும்."

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, ஒரு விரலில் பிளாஸ்திரி. டிரம்ஸ் நம் இசைவாணி, மச்சான். பாடியது அவள் சிநேகிதி காயத்ரி, கீரப்பாளையத்துப் பெண். ஓடு பறந்தது அந்தப் பெண்ணின் வீட்டில், பேனா தீர்ந்ததும் அங்கேதான். இசைவாணி அவளைக் கூப்பிட்டு வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வந்து நின்று ஏதோ சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. "வணக்கம் சொல்றாப்பா, அவ பேசினா இப்படித்தான்" என்று இசைவாணி சொன்னாள். யாரோ துரத்துவதுபோலக் கத்திய அந்தக் குரல் இந்த உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாட்ட விட்டுட்டியேம்மா" என்றேன் இசைவாணியிடம். அந்த வருத்தம் எனக்கு உண்மையிலேயே இருந்தது.

"நீங்க பாடச் சொன்னீங்கன்னுதான்பா இத்தன வருஷமா பாடினேன். எனக்கு அடிக்கத்தான் புடிக்குது" என்றாள். "கரண்டு போனப்ப நீ ஏன் நிறுத்தல?" என்று கேட்டேன்.

"நிறுத்தினா எல்லாரும் வூட்டுக்குப் போயிடுவாங்கப்பா."

ரயிலில் மீன்கார அம்மாள் சொன்னதைச் சொன்னேன். காயத்ரி ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூவருமாகப் போய்த் தோசை சாப்பிட்டோம். அந்தத் திருட்டுப் பதிவின்மேல் இசைவாணிக்கு ஒரே கோபம், சாம்பார் பாட்டில் அவள் ஒரு அடியை விட்டுவிட்டாளாம், அது ஊர் முழுக்கப் போய்விட்டதாம். "கேட்டேன், ரெண்டாவது வரியில" என்றேன். அப்போதுதான் அவள் என்னை அப்பாவாக இல்லாமல் வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் வண்டி ஏறினேன்.

உன் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கைக்குத் தேங்காயெண்ண தடவச் சொன்னீங்களா?" என்றாள். புதன்கிழமை போதகர் வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் எழுந்து நின்றேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பாட்டு இன்னும் செல்லுல இருக்கா? ப்ளூடூத்ல அனுப்புங்களேன், என் பையன் கேக்குறான்" என்றார். அவர் பையன் சென்னையில் இருக்கிறான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. காயத்ரியின் அப்பா பழனிவேலுவும் போன் செய்தார். பாட்டைக் கேட்டதும் வயலிலிருந்து எழுந்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாராம், "எங்க வூட்டப் பத்திதான் சார், எங்க வூட்டப் பத்தி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் இருவரும் போனிலேயே அந்தப் பாட்டை ஒருதரம் பாடினோம்.

ஆகவே மச்சான், என் அபிப்பிராயம் இதுதான்: பதிவு மோசம், கச்சேரி அற்புதம். நீ தாய்மாமன். உன் வார்த்தைக்கு அவள் மதிப்புக் கொடுப்பாள். இந்தக் கடிதம் கிடைத்தவுடன், 'உன் டிரம்ஸ் கேட்டேன், பெருமையாக இருக்கிறது, தைரியமாக வாசி' என்று அவளுக்கு நாலு நல்ல வரி எழுது.

உன் வீட்டு அடுப்பும் ஆலையின் கொதிகலனும் குறைவின்றி எரிய, பிள்ளைகள் உயரமும் புத்தியும் சேர்ந்தே வளர, கர்த்தர் உங்களைக் காக்கட்டும். அனுப்பிரியாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் மாமா,
தேவசகாயம்.

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன் இசைவாணி போன் செய்தாள். மேலே எழுதியபடி எதுவும் செய்யாதே. அவர்கள் தங்கள் பங்க் குழுவைக் கலைத்துவிட்டார்களாம். "நீங்க நல்லாருக்குங்குறீங்க, காயத்ரி அப்பா நல்லாருக்குங்குறாரு, பாஸ்டர் ப்ளூடூத்ல வாங்கிட்டுப் போறாரு. பங்க்குன்னாலே எதுத்துக் கத்துறதுதான். எல்லாரும் ஒத்துக்கிட்டா அப்புறம் யார எதுத்துப்பா கத்துறது, இது பங்க்கே இல்ல" என்கிறாள். நான் உடனே கோபத்தை வரவழைத்துக்கொண்டு, "ஒழுங்கா படிக்கிற வேலயப் பாரு" என்று போனில் அதட்டிப் பார்த்தேன். அவள் சிரிக்கிறாள். காயத்ரியின் அப்பாவும் முயன்று பார்த்துவிட்டாராம், அவருக்குத் திட்டும்போதே குரல் தழுதழுத்துவிடுகிறது. எதிர்க்க ஓர் ஆளாவது இருந்தால்தான் அவர்கள் மறுபடி வாசிப்பார்கள், நீ ஒருத்தன்தான் இன்னும் கேட்காமல் மிச்சம் இருக்கிறாய். தயவுசெய்து அந்தப் பதிவை எங்கும் கேட்டுவிடாதே. இன்றே உட்கார்ந்து, குடும்ப மானம் போயிற்று, டிரம்ஸைத் தொட்டால் கையை முறிப்பேன், இனி என் முகத்தில் விழிக்காதே என்று கடுமையாக ஒரு கடிதம் எழுதி, சிதம்பரம் விடுதி விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவை.