கேமரா வாங்கப்போகிறவர்

தீபாவளிக்குள் ஜப்பான்காரன் புதிதாக ஒரு கேமரா கொண்டுவரப் போகிறானாம். லென்ஸ் ஒட்டியே வரும் சின்ன டிஜிட்டல் கேமராவின் எடையும், லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமராவின் தரமும் ஒரே உடம்பில். விலையோ பாதி. இதை எனக்குச் சொன்னவன் என் பள்ளித் தோழன் ஸ்ரீகண்டன். அவனுக்குச் சொன்னவர் எலெக்ட்ரானிக் சிட்டி போகும் ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் கவியரசன். கவியரசனுக்குச் சொன்னது, அவருடைய மைத்துனரோடு ஒசாகாவில் ஒரே அறையில் தங்கியிருக்கும் யாரோ ஒருவர்.

"அந்த யாரோ கேமரா கம்பெனியில வேலை பாக்கறாரா?" என்று கேட்டேன்.

"இல்ல, சிமெண்ட் கம்பெனி. ஆனா ஜப்பான்லதானே இருக்கார்?" என்றான் ஸ்ரீகண்டன்.

வாசகர்களே, உலகத்தில் கேமரா வாங்கியவர்கள் உண்டு, கேமரா வாங்காதவர்கள் உண்டு. இரு தரப்பாரும் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர்களால் யாருக்கும் தொல்லை கிடையாது. இரண்டுக்கும் நடுவே, இந்த இரண்டாயிரத்து ஆறாம் வருடத்துப் பெங்களூரில் மழைக்குப் பின் காளான் போலப் பெருகியிருக்கும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் கேமரா வாங்கப்போகிறவர்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு வருவார்கள். பூவைப் பார்க்க மாட்டார்கள். ரோஜாவுக்கு முன்னால் மண்டியிட்டிருப்பவர் கழுத்தில் தொங்குவது என்ன மாடல் என்று பார்ப்பார்கள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஊரே மணமேடையைப் பார்க்க, இவர்கள் மட்டும் போட்டோகிராபரின் முதுகுக்குப் பின்னால் எட்டி நின்று அவருடைய கேமராவின் திரையைப் பார்த்து, அவர் கேட்காமலே, "ஐ.எஸ்.ஓ. கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்" என்று யோசனை சொல்லி, அட்சதையோடு சேர்த்து அவருடைய முறைப்பையும் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் ஆசையாக உங்கள் குழந்தையின் படத்தை எடுத்து நீட்டுங்கள். "கார்னர்ல பாருங்க, பிசிறு தெரியுது" என்பார்கள். குழந்தை நடுவிலல்லவா இருக்கிறது? அது அவர்கள் கண்ணில் படாது.

சரி, இவர்கள் எடுத்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்களேன்.

காட்ட மாட்டார்கள். பழைய பிலிம் கேமராவை, டிஜிட்டல்தான் வாங்கப்போகிறோமே என்று எப்போதோ யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். கேமராவுக்கான பையை மட்டும் வாங்கி வைத்திருப்பார்கள். ஸ்ரீகண்டனும் வாங்கினான். மழைக்கு நனையாத துணி, உள்ளே மெத்தை வைத்த தடுப்புகள், ஒட்டும் பட்டைகள் எல்லாம் கொண்ட உயர்ந்த கறுப்புப் பை. ஈஜிபுராவில் அவன் குடியிருக்கும் மாடி வீட்டில் அந்தப் பைக்குள் இப்போது குழந்தையின் டயபரும் பால் பாட்டிலும் இருக்கின்றன. பாட்டில், லென்ஸ் வைக்கும் அறையில் கச்சிதமாக நிற்கிறது. பைக்கு விசுவாசம் அதிகம், எதையாவது சுமந்துகொண்டிருக்கிறது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கேமராக் கடைக்காரர் ஸ்ரீகண்டனைத் தூரத்தில் கண்டதுமே, "மத்தே பந்த்ரா சார்?" என்பார். மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று கன்னடத்தில் அத்தனை பணிவாகத் திட்ட அவரால்தான் முடியும். இவன் இரண்டு வகைக் கேமராவையும் கையில் எடுத்துக் கண்ணில் வைத்து, எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துவிட்டு, "யோசிச்சுட்டு வரேன்" என்று திரும்பிவிடுவான். ஏனென்றால் இந்த இனம் உள்ளூரில் வாங்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் கொண்டுவர வேண்டும். வருகிறவனெல்லாம் இவர்களுக்காகவே விமானம் ஏறுகிறான் என்பது இவர்கள் எண்ணம். போன வருடம் அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது. நான் வேலை பார்க்கும் தோஹாவில் ஒரு கடையில், கஸ்டம்ஸில் என்ன சொல்வார்களோ, பெட்டி எடை மீறிவிடுமோ என்ற பயத்தோடு கார்டை நீட்டிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது: "வெயிட் பண்ணு."

எதற்காக இத்தனை வெயிட்? அதையும் கேளுங்கள். ஒட்டு லென்ஸ் கேமரா கைக்கு அடக்கம்; கிட்டத்தில் இருக்கும் எறும்பும் எட்டத்தில் இருக்கும் கோபுரமும் ஒரே லென்ஸில் வந்துவிடும். நிருபமாவும், அதாவது அவன் மனைவியும், யோசிக்காமல் எடுக்கலாம். "ஆனா சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சா படம் ரவை கொட்டின மாதிரி ஆயிடும்டா." சரி, கழற்றி மாட்டுகிறதை வாங்கேன். "வாங்கலாம். ஆனா லென்ஸைக் கழட்டற நேரத்துல உள்ள தூசி போயிடுமே? இந்த ஊர்ல எந்தத் தெருவுலடா தூசி இல்ல?" அப்படியானால் ஒட்டினதையே வாங்கு. "ரவை?" இப்படிக் காலையில் ஒட்டுக் கட்சி, மாலையில் கழற்றுக் கட்சி என்று தாவிக்கொண்டே இருக்கிற இவர்களைப் பார்த்தால், சட்டசபையில் தாவுகிறவர்கள் மேல் நமக்கு மரியாதை வந்துவிடும். அவர்கள் தாவினால் எங்கேயாவது போய் உட்காரவாவது செய்கிறார்கள்.

ஸ்ரீகண்டனின் ஆராய்ச்சி நிருபமா கர்ப்பமாக இருந்தபோது தொடங்கியது. குழந்தை கிருத்திகா பிறந்தாள், குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆராய்ச்சி மட்டும் இன்னும் குப்புறவே விழவில்லை.

இந்த முறை விடுமுறைக்கு வந்தவன், ஒரு வெள்ளிக்கிழமை காலை டிபனுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிருத்திகாவுக்கு நெற்றியிலும் பிடரியிலும் ஸ்பிரிங் ஸ்பிரிங்காகச் சுருண்ட முடி. ஞாயிற்றுக்கிழமை வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை. சனிக்கிழமை சாயங்காலம் ரயில். அந்தச் சுருட்டையோடு குழந்தைக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது.

"மொட்டைக்கு அப்புறம் வர்ற முடி நேராத்தான் வருமாம். எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றாள் நிருபமா, தோசையைத் திருப்பிக்கொண்டே. "எனக்குச் சுருட்டை இருந்ததுன்னு அம்மா சொல்றா. காட்டறதுக்கு ஒரு போட்டோ இல்ல. இவளுக்காவது இருக்கட்டும்னுதான் கேக்கறேன். நீங்களே சொல்லுங்கோ, இது பெரிய ஆசையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீகண்டனின் செல்போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து நிருபமாவின் தம்பி ரித்விக். அன்று ராத்திரிக்குள் பெங்களூர் வந்து இறங்குகிறவன். ஸ்பீக்கரில் கேமராக் கடையின் இரைச்சலும் கேட்டது.

"அத்திம்பேர், கடையில நிக்கறேன். எது? ஒட்டினதா, கழட்டறதா?"

"உன் ஒப்பீனியன் என்ன?"

"என் ஒப்பீனியன், எனக்கு பிளைட்டுக்கு நேரமாச்சு."

"ஒரு பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடேன்" என்று வைத்துவிட்டான்.

நிருபமா அடுப்பை அணைத்தாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. என் செல்போனில் கேமரா என்ற பெயரில் ஏதோ ஒன்று இருக்கிறதே என்று எடுத்துக் குழந்தைக்கு நேராக நீட்டினேன். ஸ்ரீகண்டன் பாய்ந்து வந்து குறுக்கே கையை வைத்தான்.

"வேண்டாம்டா! இதுல எடுத்தா முகம் மெழுகு மாதிரி வரும். முதல் படம் நல்ல படமா இருக்கணும்."

"எதுவுமே இல்லாததுக்கு மெழுகு பரவாயில்லடா. எதையாவது ஒண்ண முடிவு பண்ணேன்."

"நீ சொல்றியா? எத்தனை வருஷமா 'அடுத்த வருஷம் ஊருக்கே வந்துடறேன்'னு சொல்லிண்டிருக்கே? முடிவு பண்ணிட்டியா?"

நான் தோசையைப் பார்த்தேன். தோசை நன்றாக இருந்தது.

என் போனில் படம் விழுந்திருந்தது. முழுக்க ஸ்ரீகண்டனின் உள்ளங்கை. இடது ஓரத்தில் கலங்கலாக ஒரு சுருள் முடி. கார்னரில் பாருங்கள் என்று அவனிடம் காட்ட நினைத்தேன். அதற்குள் சத்தத்தில் பயந்து குழந்தை அழ ஆரம்பித்தது. அவனுடைய போனும் மறுபடி அடித்தது.

"ரித்விக்தான். எடுங்கோ" என்றாள் நிருபமா.

"இரு, கவியரசன் இன்னிக்கு விசாரிச்சு மெயில் போடறேன்னார். தீபாவளிக்குள்ள ஒண்ணு வரதாம்..."

"தீபாவளிக்கு முடி இருக்காது. எதையாவது சொல்லுங்கோ. காசு சுண்டிப் போட்டாவது சொல்லுங்கோ."

"அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் காலம் பூரா..."

அவள் போனுக்குக் கையை நீட்டினாள். அவன் அதைக் கைக்குள் மூடிக்கொண்டான். மூடிய கைக்குள் அது மின்மினி போல அணைந்து அணைந்து எரிந்தது.

விருந்தாளிக்கு முன்னால் மட்டும் கணவனை 'நீங்கள்' என்று அழைக்கிறவள் நிருபமா. நான் அங்கே உட்கார்ந்திருப்பதை அப்போது மறந்துவிட்டாள்; பேச்சில் கன்னடமும் கலந்துவிட்டது.

"ஸாக்கு ஸ்ரீ, ஸாக்கு. போதும். நீ யோசி."

குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். கறுப்புப் பையைத் தோளில் மாட்டினாள். தெருமுனையில் பாஸ்போர்ட் போட்டோவும் லேமினேஷனும் செய்கிற ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு அதை நோக்கிப் படியிறங்கினாள்.

ஸ்ரீகண்டன் பால்கனிக்கு ஓடினான். "நிரு, அங்க வேண்டாம்! அவன் பிளாஷை நேரா மூஞ்சியில அடிப்பான்! பின்னாடி நிழல் விழும்!"

"விழட்டும்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம், நாம் இந்த இனமில்லை என்ற சிரிப்பு. இருக்கட்டும். உங்களுக்குக் கேமரா வேண்டாம். வரன்? வீட்டு மனை? எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் ராஜினாமா? இன்னும் நல்லதாக ஒன்று வருகிறதாம் என்று உங்களுக்கும் ஒரு கவியரசன் பஸ்ஸில் சொல்லியிருப்பாரே? எதற்காகவோ ஒரு பையை முன்கூட்டியே வாங்கி வைத்தீர்களே, அதற்குள் இப்போது என்ன இருக்கிறது? எனக்குச் சொல்ல வேண்டாம். போய்த் திறந்து பாருங்கள்.

பால்கனியில் ஸ்ரீகண்டன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். நிருபமா தெருமுனையில் திரும்பிவிட்டாள். அவள் தோளுக்கு மேல் அந்தச் சுருட்டைத் தலை ஒரு முறை ஆடி மறைந்தது. சிங்கப்பூர் ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. அவன் கையைத் திறந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எடுக்கட்டுமாடா? நீ என்ன சொல்றே?"

நான் யோசித்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது.