இரண்டு கிலோ முயல்

முயல் அரை கிலோ இளைத்திருந்தது. தராசைப் பார்த்த ரங்கசாமி முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

திருப்பத்தூர் விடுதிக்குப் படிக்கப் போன மகள் கவியா அழுதுகொண்டே ஒப்படைத்த முயல் அது. "ரெண்டு கிலோ கீதுன்னு டாக்டரு சொன்னாருப்பா. கொறைய வுடாத. வாரா வாரம் எடை போட்டுப் பாரு."

அவளுடைய ஆட்டுக்குட்டி போன வருடம் இவர் பொறுப்பில்தான் செத்தது. ஒரு மாதம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதுவும் போனால் ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

அவர்கள் குடியிருந்த புதூர்நாட்டு மலைப் பக்கம் அவருக்குத் தெரிந்த தராசு ஒன்றுதான். ஊர்ப் புளியை விலைக்கு எடுக்க வரும் வியாபாரி விஜயராஜுடையது. முயலைப் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள்.

"ஒன்றரைதான் வருது," என்று உச்சுக் கொட்டினான் விஜயராஜ். "பாவம், தீனி பத்தலீங்கண்ணே."

அன்றிலிருந்து முயலுக்குச் சாமைச் சோறு, பலாச்சுளை, கடலை உருண்டை. வாரங்கள் போயும் முள் இரண்டைத் தொடவில்லை.

"இன்னாங்க, கூண்டுக்குள்ளயே நொழைய முடியல. இதுவா எளச்ச முயலு?" என்றாள் மனைவி பாஞ்சாலை.

"எடை ஏறலியேமே! அது சதை இல்ல, வீக்கம்."

வீக்கம் என்று கேள்விப்பட்டதும் ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம்.

மறுநாள் முயல் சுருண்டு படுத்துவிட்டது. இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் திருப்பத்தூருக்கு ஓடினார்கள்.

மருத்துவர் தன் தராசில் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டரைக்கு மேல கீது! புல்லு திங்கிற ஜீவனுக்குக் கல்யாண விருந்தா போட்டீங்க? வயிறு கெட்டுப்போச்சு. பொழைக்கிறது கஷ்டம்."

"இல்லீங்க சார், மககிட்ட நீங்க ரெண்டுன்னு சொன்னது அங்க ஒன்றரைதான் வந்துச்சு, இன்னும் ரெண்டே எட்டல. புளி வியாபாரி தராசுல நானே பாத்தேன்."

"அப்போ அந்தத் தராசு கால் பங்கு கொறச்சுக் காட்டுதுங்க."

ரங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே ஊட்டி ஊட்டிக் கொல்லப் பார்த்தோமே, மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று புலம்பினார்.

பாஞ்சாலை அழவில்லை. முயலை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தவள், மெல்லக் கேட்டாள்:

"இன்னாங்க, பத்து வருசமா நம்ம புளியையும் அந்தத் தராசுலதான போட்டோம்?"